வேலை தேடி வந்தவனை முதலில் சந்திப்பது யார்?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பிள்ளையார்பாளையத்திலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரகடத்திலிருந்தும் சுங்குவார்சத்திரத்திலிருந்தும் ஷிப்டு முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உத்திரமேரூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் கால் சேறு காய்வதற்குள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். விடிந்தால் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ஒடிஸா, பீகார், ஜார்க்கண்டு, மேற்கு வங்கம், அஸ்ஸாம் ஆகிய ராஜ்யங்களிலிருந்து ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் நம் மாவட்டத்துக்கு வேலை தேடி வருகிறார்கள். கார் உதிரிபாகப் பட்டறையில் அவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலையில் இருக்கிறார்கள். செங்கல் சூளையில், கல் குவாரியில், ஓட்டல் அடுப்படியில் இருக்கிறார்கள். இப்போது வயலில் நடவுக்கும் வருகிறார்கள். இவர்கள் விஷயத்தில் நம் சங்கங்கள் என்ன செய்யப் போகின்றன? இதுதான் இன்றைய கேள்வி.

ரயிலை விட்டு இறங்கியதும்...

ஒரு வாலிபன் வருவதை நினைத்துப் பாருங்கள். இரண்டு இரவு, ஒரு பகல் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் நின்றுகொண்டும் குந்திக்கொண்டும் வருகிறான். அந்தப் பெட்டிகள் எப்படிப்பட்டவை என்று 2023 ஜூன் 2ஆம் தேதி நாடு பார்த்தது. சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிஸாவில் பாலசோர் அருகே விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செத்தவர்களில் பலர் கூலி வேலைக்குப் புறப்பட்ட ஏழைகள்.

பிழைத்து வருகிறவன் சென்ட்ரலில் இறங்குகிறான். தமிழ் தெரியாது. பஸ் போர்டைப் படிக்க முடியாது. யாரிடம் கேட்பது என்று தெரியாது. அவன் கையில் ஒரு போன் நம்பர் இருக்கிறது. அது ஏஜெண்டின் நம்பர். ஏஜெண்டு வேன் அனுப்புகிறான். பத்துப் பேர் படுத்திருக்கும் அறையில் பதினோராவது ஆளாக விடுகிறான். ஆதார் கார்டை "பதிவுக்கு வேண்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்கிறான். முதல் வேளைச் சோறு ஏஜெண்டு போடுகிறான். காய்ச்சல் வந்தால் மாத்திரை ஏஜெண்டு வாங்கித் தருகிறான். ஊருக்குப் பணம் அனுப்புவதும் அவன்தான். அட்வான்ஸ் கொடுத்தவனும் அவன்தான்.

பிறகு ஒரு நாள் நாம் கேட் கூட்டம் போடுகிறோம். "அந்தப் பையன் ஏன் நம் கூட்டத்துக்கு வரவில்லை? காண்டிராக்டர் சொல்வதையெல்லாம் ஏன் கேட்கிறான்?" என்று கோபித்துக்கொள்கிறோம். முதல் நாள் நாம் எங்கே இருந்தோம், தோழர்களே? அவனுக்கு இந்த ஊரில் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. அது காண்டிராக்டரின் முகம். அப்படி இருக்கும்படி விட்டது யார்?

சத்திரம் கட்டிய பூமி

இது காஞ்சிபுரம். வெளியூரான் வராத நாள் இந்த ஊருக்குக் கிடையாது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் காமாட்சி அம்மனுக்கும் வருகிறவர்கள் தங்குவதற்கென்று முன்னோர்கள் சத்திரம் கட்டினார்கள். வழிநடைக்காரர்கள் களைப்பாறச் சாலையோரத்திலும் கட்டினார்கள். சுங்குவார்சத்திரம் என்ற ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. இன்று அதே ஊரில், வேலைக்கு வந்தவன் படுக்க இடமில்லாமல் ஷிப்டுக்கு ஒருவராக ஒரே பாயை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறான்.

சர்க்காரால் முடியாதா? முடியும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நாற்பத்தெட்டு நாள் அத்தி வரதர் தரிசனம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போனார்கள். நெரிசலில் உயிர்கள் போன வேதனையும் உண்டு, குறைகளும் உண்டு. ஆனாலும் பந்தல் போட்டார்கள். குடிதண்ணீர் வைத்தார்கள். தற்காலிகக் கக்கூசு கட்டினார்கள். வைத்திய முகாம் திறந்தார்கள். தனி பஸ் விட்டார்கள். நம் தெருக்காரர்கள் தங்கள் திண்ணையைத் துடைத்து விட்டு, முகம் தெரியாதவர்களுக்கு மோர் கொடுத்தார்கள்.

சாமி பார்க்க வந்தவனுக்குச் செய்தோம். அது நல்ல காரியம். அதே ரயிலில் வந்து, நம் ஊரில் காரும் போனும் கட்டடமும் செய்து கொடுக்கிறவனுக்கு ஒரு திண்ணை கிடையாதா? ஆக, ஊருக்குப் பழக்கம் இருக்கிறது, சர்க்காருக்குச் சக்தி இருக்கிறது. கேட்கிறவன்தான் இல்லை. கேட்க வேண்டியது நாம்.

நாமும் மூட்டை கட்டியவர்கள்தான்

"அவன் வடக்கத்தியான், நாம் ஊர்க்காரர்கள்" என்கிறோம். நெசவாளத் தோழர்களே, உங்களைக் கேட்கிறோம். உங்கள் தறியில் ஓடுவது கர்நாடகத்துப் பட்டு. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நம் தெருக்களில் தறிக்குழியில் உட்காருகிற குடும்பங்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு. என்றைக்கோ ஒரு நாள் அவர்களின் முன்னோர்கள் தலையில் மூட்டையோடு வந்தவர்கள்தானே! இது புதுக் கதையும் அல்ல. மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்ற ஊரில் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குஜராத்துப் பக்கத்து லாட தேசத்திலிருந்து பட்டு நெசவாளர்கள் கூட்டமாக அந்த ஊருக்கு வந்து குடியேறினார்கள், சிலர் வேறு தொழிலுக்குப் போனார்கள், சேர்ந்து ஒரு சூரியன் கோயிலைக் கட்டினார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே பட்டு நெசவாளி ஊர் விட்டு ஊர் போனவன். போன இடத்தில் கூட்டாக நின்றதால் நிலைத்தவன்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இலங்கைக் கதை தெரிந்திருக்கும். கங்காணி கிராமத்துக்கு வந்து முன்பணம் கொடுத்து, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போனான். கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். அந்தக் கடனைத் தீர்க்காமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. அப்புறமாவது நிம்மதி கிடைத்ததா? 1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

அந்தத் தோட்டங்களில் முதலில் சங்கத்தை விதைத்தவர்களில் ஒருவர் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து போன கோ. நடேசய்யர். வெளியாரை உள்ளே விடாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரியைப் போல வேஷம் போட்டுக்கொண்டு புகுந்து தொழிலாளர் நிலையைத் தெரிந்துகொண்டார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஜனங்களைத் திரட்டினார். தொழிலாளி சங்கத்தைத் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. லயத்து வாசலுக்குச் சங்கத்தைக் கொண்டு போனார்கள்.

பம்பாயை மறக்கலாமா? தாராவியில் தோல் பதனிடப் போனவர்கள் திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள். 1966இல் தொடங்கிய சிவசேனை, ஆரம்ப வருஷங்களில் "தென்னாட்டான் நம் வேலையைப் பறிக்கிறான்" என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தது. அன்று நாம் "வந்தேறி". இன்று அதே வார்த்தையை நம்மில் சிலர் வாயில் வைத்துக்கொள்ளலாமா?

"எங்கள் பிழைப்பு போகிறதே!"

நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. போன மாதம் ஒரு பெரியவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். முப்பது வருஷம் தறியில் இருந்தவர். பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறி, விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்றுப் போக, தறியில் கூலி கட்டாமல் மகனை ஆலைக்கு அனுப்பினார். மகனைக் காண்டிராக்டில் எடுத்து, இரண்டு வருஷம் கழித்து நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் வெளி ராஜ்யத்துப் பையன் நிற்கிறான்.

"அண்ணே, நான் கட்டின சந்தாவில் அவனுக்குச் சேவை செய்யப் போறீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, "உங்கள் மகனுக்கு எவ்வளவு கொடுத்தான்? அந்தப் பையனுக்கு எவ்வளவு கொடுக்கிறான்?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் மகனையே அழைத்துக்கொண்டு அந்தப் பையன்கள் தங்கும் அறைக்குப் போனோம். விசாரித்தோம். மகன் எட்டு மணி நேரத்துக்கு வாங்கியதைவிடக் குறைந்த பணத்துக்கு அந்தப் பையன் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். அறை வாடகை என்று பிடித்தம். சாப்பாடு என்று பிடித்தம். மீதியையும் முழுசாகக் கண்ணில் காட்டுவதில்லை.

பெரியவரின் மகன் வெளியே வந்து ஒரே வார்த்தை சொன்னான்: "இவன் என் வேலையை எடுக்கலை. என் கூலியைக் குறைக்க இவனைக் கொண்டாந்திருக்கானுங்க."

இதைவிடத் தெளிவாக எந்தப் புஸ்தகமும் சொல்லாது. ஆள் மலிவாகக் கிடைக்கிறான் என்பதால்தான் முதலாளி கூப்பிடுகிறான். அவன் மலிவாக இருப்பதற்குக் காரணம் அவனுக்கு மொழி இல்லை, வீடு இல்லை, ரேஷன் இல்லை, கேட்க நாதி இல்லை. அவனுக்கு நாதி உண்டு என்று ஆக்கினால் அவன் மலிவு ஆளாக இருக்கமாட்டான். அப்போது நம் கூலியும் தலை நிமிரும். அவனை அடித்துத் துரத்தினால் காண்டிராக்டர் அடுத்த ரயிலில் வேறொருவனைக் கொண்டுவருவான்.

நடவுக்கு வரும் மேற்கு வங்கத்து ஆட்களைப் பற்றி நம் தாய்மார்களுக்கு வருத்தம் இருக்கிறது. "ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி முடித்துவிட்டுப் போகிறார்கள், எங்களுக்கு வேலை இல்லை" என்கிறார்கள். உண்மைதான். இதற்குப் பரிகாரம் என்ன? பருவம் தொடங்குமுன் கிராமத்தில் சங்கம் கூடி, ஏக்கர் நடவுக்கு இன்ன கூலி, யார் நட்டாலும் அதே கூலி என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை மிராசுதாரிடமும் சொல்ல வேண்டும், வங்காளத்துக் குழுவின் மேஸ்திரியிடமும் சொல்ல வேண்டும், குழுவில் இருக்கிற ஒவ்வோர் ஆளின் காதிலும் போட வேண்டும். கூலி ஒன்றாகிவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாளை விட்டுவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆள் தேட எவனுக்கும் பைத்தியமில்லை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். 1921இல் சென்னை பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தத்தில் என்ன நடந்தது? ஒரு பக்கம் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும், மறு பக்கம் ஆதி திராவிடர்கள் என்று தொழிலாளர்கள் பிளவுபட்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. சேரியின் பசியையும் அவமானத்தையும் நல்ல காலத்திலேயே தன் பிரச்சினையாகச் சங்கம் எடுத்துக்கொள்ளவில்லை. நெருக்கடி வந்த பிறகு ஒற்றுமையைத் தேடினால் கிடைக்குமா?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கெங்கோ நடந்த வேறு சம்பவங்களைக் காட்டிப் பீதியைக் கிளப்பினார்கள். பலர் அலறி அடித்துக்கொண்டு ரயில் ஏறினார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. நம் சங்கத்தில் ஹிந்தி தெரிந்த பத்துப் பேர் இருந்து, அவர்களின் அறைகளில் நமக்கு ஏற்கனவே பழக்கம் இருந்திருந்தால், அந்தப் பொய் நம் எல்லைக்குள் ஒரு நாள் தாங்கியிருக்குமா?

பெயர் இல்லாத மனு

இப்போது எங்கள் தவறைச் சொல்ல வேண்டும். மூடி வைத்துப் பிரயோசனமில்லை.

சில வருஷங்களுக்கு முன், எங்கள் ஆபீசிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு பிரஸ் பட்டறையில், ஒரு பையனின் மூன்று விரல்கள் மிஷினில் போய்விட்டன. காண்டிராக்டர் தனியார் வைத்தியரிடம் கட்டுப் போட்டு, மூன்றாம் நாள் இரவு கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து ரயில் ஏற்றிவிட்டான். எங்களுக்கு ஒரு வாரம் கழித்து, டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

நஷ்டஈடு கேட்டு மனு எழுத உட்கார்ந்தோம். மனுவில் முதல் வரி என்ன? பெயர். அந்தப் பையனின் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. டீக்கடையில் கேட்டோம். "பையா என்றுதான் கூப்பிடுவோம்" என்றார்கள். பட்டறையில் வேலை செய்த நம் ஆட்களைக் கேட்டோம். ஆறு மாதம் பக்கத்து மிஷினில் நின்றவர்கள். அவர்களும் "பையா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊர் தெரியாது. ஜில்லா தெரியாது. அந்தக் காகிதம் அப்படியே மேஜையில் கிடந்தது.

அந்தப் பையன் தினமும் எங்கள் ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறான். கொடி கட்டிய அந்த வாசலுக்குள் தான் நுழையலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. போர்டு தமிழில் இருந்தது.

நாம் மட்டும் அல்ல, நாடே பெயர் தெரியாமல் நின்றது. 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு என்றார்கள். லட்சோபலட்சம் பேர் நடந்தார்கள். மே 8ஆம் தேதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்துத் தூங்கிய பதினாறு பேர்மீது சரக்கு ரயில் ஏறியது. அந்த வருஷம் செப்டம்பரில் பார்லிமெண்டில், வழியில் மாண்ட தொழிலாளர்களின் எண்ணிக்கை பற்றிக் கேட்டபோது, அப்படி ஒரு கணக்கு இல்லை என்று மத்திய சர்க்கார் பதில் சொன்னது. கணக்கு இல்லாதவனுக்கு நஷ்டஈடும் இல்லை. பெயர் எழுதுவது சின்னக் காரியம் என்று நினைக்காதீர்கள், தோழர்களே.

சட்டம் எங்கே நிற்கிறது?

ராஜ்யம் விட்டு ராஜ்யம் போகும் தொழிலாளருக்கென்று 1979இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து பேரை வைத்து வேலை வாங்கினாலே காண்டிராக்டர் லைசென்சு எடுக்க வேண்டும். படம் ஒட்டிய பாஸ் புத்தகம் கொடுக்க வேண்டும். இடம் பெயர்ந்ததற்குப் படி, வழிப் பயணச் செலவு, தங்க இடம், வைத்தியம் எல்லாம் எழுதியிருந்தது. அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளியைவிடக் குறைந்த கூலி கொடுக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தது. ஆனால் அமல் செய்தவர்கள் யார்? காகிதத்தில் தூங்கியது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1979 சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. ஐந்து பேர் என்றது பத்துப் பேர் ஆகிவிட்டது. பாஸ் புத்தகம் போய்விட்டது. இடப்பெயர்ச்சிப் படி போய்விட்டது. காண்டிராக்டர் இல்லாமல் தானே வந்தவனையும் சேர்த்திருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு முறை ஊர் போய்வரப் பயணப் படி என்று எழுதியிருக்கிறார்கள். இருப்பதைப் பிடித்துக்கொள்வோம், பறித்ததைக் கேட்டுப் போராடுவோம். எதுவானாலும், கையில் பாஸ் புத்தகம் இல்லாத தொழிலாளிக்குச் சாட்சி யார்? நாம்தான் சாட்சியாக வேண்டும்.

செய்ய வேண்டிய வேலைகள்

பெரிய கட்டடம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். செய்யக் கூடியதை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, போர்டு. ஒவ்வொரு சங்க ஆபீஸ் வாசலிலும் ஹிந்தி, ஒடியா, வங்காளி எழுத்துக்களில் "இது தொழிலாளர் சங்கம், உள்ளே வரலாம், காசு கிடையாது" என்று எழுதி வைக்க வேண்டும். உள்ளே வருகிறவனோடு பேச அவர்களிலேயே ஓர் ஆளைச் சங்க ஊழியராகச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, நோட்டு. பெயர், ஊர், வீட்டுப் போன் நம்பர், காண்டிராக்டர் பெயர், பேசிய சம்பளம், வாங்கிய அட்வான்ஸ் ஆகிய ஆறு விஷயங்கள் போதும். இந்த நோட்டைச் சங்கச் செயலாளர் பூட்டி வைக்க வேண்டும், எவருக்கும் காட்டக் கூடாது. 2025இல் வங்காளி பேசினான் என்பதற்காகவே பல ராஜ்யங்களில் ஏழைத் தொழிலாளர்களைப் பிடித்து வைத்து "நீ இந்த நாட்டானா?" என்று கேட்டார்கள். அவர்கள் பயத்தில் இருக்கிறார்கள். நம் நோட்டு அந்தப் பயத்தைக் கூட்டக் கூடாது.

மூன்றாவது, ரேஷன். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் நடக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தன் ஊரில் கார்டு உள்ளவர் இங்கே ரேஷன் கடையில் கைரேகை வைத்துத் தன் பங்கு தானியம் வாங்கலாம். 2023 ஜனவரி முதல் அந்தத் தானியத்துக்குக் காசு இல்லை. ஒரு பங்கை இங்கே வாங்கினால் ஊரில் மனைவி மக்கள் மீதியை வாங்கலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? கடைக்காரர் "போ போ" என்றால் திரும்பிவிடுகிறார்கள். கூட ஒரு தமிழ்த் தொழிலாளி நின்றால் அந்த "போ போ" வராது.

நான்காவது, வைத்தியம். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் பிடிக்கிறார்கள், கார்டு கொடுப்பதில்லை. நம்பர் என்ன என்று கேட்டு வாங்கித் தர வேண்டும். விபத்து நடந்தால் முதல் வேலை, சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதிவு செய்வது. விபத்து நஷ்டஈடு 1923 முதல் உள்ள உரிமை, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. கட்டட வேலைக்காரர்களை நலவாரியத்தில் பதிய வைக்க வேண்டும். 2014 ஜூன் 28இல், அன்று நம் மாவட்டத்தில் இருந்த மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். அதில் ஆந்திரத்திலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர்!

ஐந்தாவது, குழந்தைகள். சூளைக்கும் கட்டடத்துக்கும் குடும்பத்தோடு வருகிறவர்களின் பிள்ளைகள் மண் குவியலில் விளையாடுகின்றன. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது. சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் மதியச் சோறும் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவிடப் போகும் தாய்மார்கள், இன்னொரு பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஆறாவது, வழக்கு. கூலி பாக்கி, அடித்தல், அடைத்து வைத்தல் எதுவானாலும் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற நம்பர் இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வக்கீல் பணம் கட்டாமல் கிடைப்பது உரிமை.

"வெளி ராஜ்யத்தான்" என்று மட்டும் பார்க்காதீர்கள். நம் ராஜ்யத்து வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி ஆலைக்குப் போகும் பெண்களும் இந்த ஊருக்குப் புதியவர்கள்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கணக்கான பெண் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். தகவல் கேட்டும் பதில் வராமல் அவர்கள் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை ராஜ்ய சர்க்கார் திறந்தது. பெண்கள் சாலையில் உட்காராமல் இருந்திருந்தால் விடுதிகளின் நிலையை யார் பேசியிருப்பார்கள்?

தர்மம் அல்ல, சங்க வேலை

"இதெல்லாம் சர்க்கார் வேலை அல்லவா?" என்று கேட்பீர்கள். ஆம், சர்க்கார் வேலைதான். 2021 ஜூன் 29இல் சுப்ரீம் கோர்ட்டு இத்தொழிலாளர்களுக்கு ரேஷனும் சமூக சமையற்கூடமும் பதிவும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பக்கத்துக் கேரளத்தில் வெளி ராஜ்யத்தாரை "விருந்தினர் தொழிலாளர்" என்கிறார்கள். 2019இல் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் அவர்களுக்கென்று விடுதி கட்டினார்கள். எர்ணாகுளம் ஜில்லாப் பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்த உதவியாளர்களைப் போட்டார்கள். இங்கும் சிப்காட் வளாகம் தோறும் விடுதி, பல மொழித் தகவல் நிலையம், மாலை நேர வைத்தியசாலை வேண்டும் என்று நாம் மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவன் யார்? விடுதி இல்லாதவன். அவனை நமக்குத் தெரியாமல் மனுவை எப்படிப் பூர்த்தி செய்வது?

அந்தப் பெரியவர் போன வாரம் மறுபடி வந்தார். மகன் வேறொரு பட்டறையில் சேர்ந்திருக்கிறான். அந்த அறையில் இருந்த ஒடிஸாப் பையன்களில் நான்கு பேர் இரண்டு மாதக் கூலி பாக்கிக்காக அவனுக்குப் போன் செய்தார்களாம். எங்களுக்கு அல்ல, அவனுக்கு! அவன்தான் அவர்களை எங்களிடம் கூட்டிவந்தான். தொழிலாளர் துறைக்கு மனு எழுத உட்கார்ந்தோம். முதல் வரியில் பெயர் எழுதினோம். நான்கு பெயர்கள், நான்கு ஊர்கள், நான்கு ஜில்லாக்கள், எல்லாம் எழுதினோம். பாக்கியில் பாதி வந்திருக்கிறது. மீதிக்கு நடையாய் நடக்கிறோம். அந்த நான்கு பேரும் இன்று இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் பேசியதில் பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பெரியவரின் மகன் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கூட்டம் முடிந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். வாரத்தில் இரண்டு மாலை நேரம் தரக்கூடியவர்கள் மேடையருகே வந்து பெயர் கொடுங்கள். பத்துப் பேர் போதும். மற்றவர்கள் வீட்டுக்குப் போகுமுன் பின்வரிசைக்குப் போய் அந்த நான்கு பேரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளை முதல் உங்கள் பட்டறையில், உங்கள் வரப்பில், உங்கள் தெருவில் யாரையும் "பையா" என்று கூப்பிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சங்கம் அங்கிருந்துதான் தொடங்கும்.